ஐரோப்பாவுக்குச் சேலை விற்கும் இணையக் கடைக்கு ஒரு குக்கி பட்டை போதுமா?

கேள்வி இதுதான்: காஞ்சிபுரம் பட்டு விற்கும் சிறிய இணையக் கடை, வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஓடுகிறது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றுக்கும் சரக்கு போகிறது. விலை யூரோவிலும் பவுண்டிலும் தெரிகிறது. பார்வையாளர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸும், விளம்பரத்துக்காக அவர்களைப் பின்தொடரும் மெட்டா (ஃபேஸ்புக்) பிக்சலும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் "இந்தத் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது" என்று ஒரு பட்டை, அதில் "சரி" என்று ஒரே ஒரு பொத்தான். இது போதுமா? போதாதென்றால் என்ன செய்ய வேண்டும்?

போதாது. அந்தப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது பிரச்சினை. பட்டை திரையில் வருவதற்குள் என்ன நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் முதல் பிரச்சினை. முகப்புப் பக்கம் திறந்த ஓரிரு நொடியில் அனலிட்டிக்ஸும் பிக்சலும் வாடிக்கையாளரின் பிரவுசரில் தங்கள் அடையாள எண்ணை எழுதிவிடுகின்றன. இப்படி எழுதப்படும் சிறு குறிப்புதான் குக்கி. அதற்குப் பிறகு அவர் "சரி" அழுத்தினாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு "வரலாமா?" என்று கேட்கிற கதை.

சட்டம் இங்கே இரண்டு அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு 2002-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் இபிரைவசி உத்தரவு. அதன் 5(3) பிரிவு, ஒருவருடைய சாதனத்தில் எதையாவது எழுதுவதற்கும், ஏற்கனவே இருப்பதைப் படிப்பதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்கிறது. "குக்கி" என்ற பெயரைச் சட்டம் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பிரவுசரின் இன்னொரு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் எழுதினாலும் இதே விதிதான். எழுதப்படுவது தனிநபர் தகவலா இல்லையா என்பதும் இந்த விதிக்குப் பொருட்டல்ல. ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. ஜெர்மனியில் அது டிடிடிடிஜி என்ற இணையத் தனியுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. மீறினால் 3 லட்சம் யூரோ வரை அபராதம். பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் பெக்கர் எனும் மின்னணுத் தொடர்புத் தனியுரிமை விதிகள். இரண்டாவது அடுக்கு 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர், அதாவது ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி. ஒப்புதல் என்றால் என்ன, அதை எப்படி நிரூபிப்பது, எப்படித் திரும்பப் பெறுவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

"கடை சென்னையில், சர்வர் மும்பையில், ஐரோப்பியச் சட்டம் எப்படி என்னைத் தொடும்?" என்று அடுத்து கேட்பார்கள். ஜிடிபிஆரின் 3(2) பிரிவு, ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் விற்க முன்வருகிற எவரையும் தொடுகிறது. பெர்லினில் ஒருவர் தற்செயலாக உங்கள் தளத்தைத் திறந்துவிட்டார் என்பதற்காகத் தொடாது. ஆனால் யூரோவில் விலை காட்டுவது, ஜெர்மனிக்கு அனுப்பும் செலவைப் போடுவது, அங்குள்ள வாடிக்கையாளர்களைத் தளத்தில் எடுத்துக்காட்டுவது எல்லாம் விற்க முன்வந்ததற்கான அடையாளங்கள். உங்கள் கடை இந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டது. எப்போதோ ஒரு முறை அல்லாமல் தொடர்ந்து விற்கிறீர்கள் என்றால், 27-ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிக்க வேண்டிய கடமையும் வரும். பிரிட்டனுக்குத் தனியாக இன்னொருவர். குக்கி வேலையை முடித்த கையோடு இதையும் பார்த்துவிடுங்கள்.

இது பெரிய நிறுவனங்களின் தலைவலி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பெரிய வழக்குகளிலிருந்துதான் விதியைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. 2025 செப்டம்பரில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையமான கினில், ஷீன் ஆடைக் கடைக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது. தளம் திறந்ததுமே, யாரும் எதையும் அழுத்தும் முன்பே, விளம்பரக் குக்கிகள் விழுந்தன. பேனரில், அதாவது குக்கி பட்டையில், தகவல் அரைகுறையாக இருந்தது. எல்லாவற்றையும் விட மோசம், "அனைத்தையும் நிராகரி" அழுத்திய பிறகும் புதிய குக்கிகள் வந்தன, பழையவை படிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அதாவது பொத்தான் இருந்தது, பின்னால் கம்பி இணைக்கப்படவில்லை. சிறிய கடைகளிலும் இதே மூன்று தவறுகள்தான் இருக்கின்றன, அளவு மட்டும்தான் வேறு.

எனவே பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) எதையும் வாங்குவதற்கு முன் முதலில் உங்கள் கடையைச் சோதியுங்கள். பத்து நிமிட வேலை. குரோமில் புதிய இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, எஃப்12 அழுத்தி, "அப்ளிகேஷன்" தாவலுக்குப் போங்கள். இடது பக்கம் "குக்கீஸ்" என்பதன் கீழ் உங்கள் தளத்தின் பெயர் வரும். இப்போது முகப்புப் பக்கத்தைத் திறந்து, பேனரைத் தொடாமல் அப்படியே விடுங்கள். பட்டியலில் என்ன விழுகிறது என்று பாருங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். அடிக்கோட்டுடன் தொடங்கும் "_ஜிஏ" இருந்தால் அது கூகுள் அனலிட்டிக்ஸ். "_எஃப்பிபி" என்றால் மெட்டா பிக்சல். 90 நாள் ஆயுள். "_ஜிசிஎல்_ஏயு" என்றால் கூகுள் விளம்பரம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் பேனர் வெறும் அலங்காரம்.

அந்த "_ஜிஏ" குக்கியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மதிப்பு "ஜிஏ1.1.1846203975.1736150400" என்பது போல இருக்கும். நடுவில் உள்ள நீண்ட எண் தற்செயலாக உருவான அடையாளம். கடைசி எண் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள். குக்கி முதன்முதலில் எழுதப்பட்ட நேரம். மேலே சொன்ன எண், இந்திய நேரப்படி 2025 ஜனவரி 6 பகல் 1.30. இதன் பொருளை யோசியுங்கள். ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தால், அவர் எப்போது ஒப்புதல் தந்தார் என்று உங்கள் பதிவேடு சொல்லும். குக்கி எப்போது விழுந்தது என்று அவருடைய பிரவுசரே சொல்லும். இரண்டாவது நேரம் முதலாவதற்கு முந்தி இருந்தால், வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்து "நெட்வொர்க்" தாவல். பக்கத்தை மறுபடி ஏற்றி, தேடல் பெட்டியில் "கலெக்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் கூகுளுக்குப் போகும் அழைப்புகள் தெரியும். ஃபேஸ்புக் முகவரியில் "டிஆர்" என்று முடிபவை பிக்சலின் அழைப்புகள். குக்கி விழாமலே தகவல் மட்டும் வெளியே போவதை இங்கேதான் பிடிக்க முடியும். இதே சோதனையை "நிராகரி" அழுத்திவிட்டு ஒரு முறை, "ஏற்கிறேன்" அழுத்திப் பிறகு திரும்பப் பெற்று ஒரு முறை என்று மொத்தம் மூன்று தடவை செய்யுங்கள். பொருள் பக்கம், கார்ட், செக்அவுட், "ஆர்டர் கிடைத்தது" பக்கம் நான்கையும் தொட வேண்டும். முகப்பில் சுத்தமாக இருந்துவிட்டு, ஆர்டருக்குப் பின் வரும் அந்த நன்றிப் பக்கத்தில் மட்டும் இயங்கும் பிக்சல்கள் நிறைய.

எதற்கு ஒப்புதல் வேண்டாம்? அளவுகோல் ஒன்றே: வாடிக்கையாளர் தானாகக் கேட்ட சேவையைத் தருவதற்கு அது இல்லாமல் முடியாது என்றால் வேண்டாம். "கடைக்கு அவசியம்" என்பது கணக்கில் வராது. கார்ட்டில் என்ன இருக்கிறது என்று நினைவில் வைக்கும் வூகாமர்ஸ் குக்கிகள், இரண்டு நாள் வாழும் அதன் செஷன் குக்கி, லாகின், அவரே தேர்ந்தெடுத்த மொழி அல்லது நாணயம், பேனரில் அவர் சொன்ன பதிலை நினைவில் வைக்கும் குக்கி எல்லாம் விலக்கில் அடங்கும். கட்டணச் சேவை மோசடித் தடுப்புக்காக வைப்பவையும் செக்அவுட்டில் நியாயமே. ஆனால் அந்த ஸ்கிரிப்டை எல்லாப் பக்கத்திலும் ஏற்றாமல் செக்அவுட் பக்கத்தில் மட்டும் ஏற்றுங்கள்; அப்போதுதான் "அவசியம்" என்ற வாதம் நிற்கும்.

ஒப்புதல் கட்டாயம் வேண்டியவற்றில் விளம்பரமும் அனலிட்டிக்ஸும் எல்லோருக்கும் தெரியும். கவனத்துக்கு வராமல் போவது மற்றவை. வூகாமர்ஸ் 8.5 முதல், அதாவது 2024 ஜனவரியிலிருந்து, ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வசதி தானாகவே இயங்குகிறது. அது "எஸ்பிஜேஎஸ்" என்று தொடங்கும் ஏழெட்டுக் குக்கிகளை வைக்கிறது. நீங்கள் எந்த அனலிட்டிக்ஸும் போடாத கடையில்கூட இது இருக்கும். அமைப்புகளில் "அட்வான்ஸ்ட்", அதற்குள் "ஃபீச்சர்ஸ்" போய் "ஆர்டர் அட்ரிபியூஷன்" என்ற இந்த வசதியை அணைக்கலாம். அல்லது டபிள்யூபி கன்சென்ட் ஏபிஐ பிளகினைப் போட்டு ஒப்புதலோடு இணைக்கலாம். அறிக்கையை நீங்கள் பார்ப்பதே இல்லை என்றால் அணைத்துவிடுவதே நல்லது. அரட்டைப் பெட்டி, வாடிக்கையாளர் அதைக் கிளிக் செய்து திறக்கும்போது மட்டும் ஏற வேண்டும். பரிந்துரைப் பங்காளிகளுக்குக் கமிஷன் கணக்கிடும் குக்கிக்கும் ஒப்புதல் வேண்டும். அது பங்காளிக்குத் தேவை, சேலை வாங்க வந்தவருக்குத் தேவையில்லை. பொருள் பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோவுக்குப் பதில் ஒரு படத்தை வைத்து, அழுத்தினால் மட்டும் வீடியோ ஏறுமாறு செய்யுங்கள். விட்டுப்போன கார்ட்டை நினைவூட்டும் பிளகின்களில் சில, வாடிக்கையாளர் மின்னஞ்சலை அடிக்க அடிக்கவே, அவர் ஆர்டர் போடும் முன்பே, அதைச் சேமித்துவிடுகின்றன. இதை "அவசியம்" என்று எந்த ஆணையத்திடமும் சொல்ல முடியாது.

பார்வையாளர் எண்ணிக்கைக்கு மட்டும் பிரான்ஸில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உங்கள் தளத்துக்கு மட்டுமான புள்ளிவிவரம், வேறு எங்கும் கலக்காதது, குக்கி ஆயுள் 13 மாதத்துக்குள், தகவல் 25 மாதத்துக்குள் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டால் கினில் ஒப்புதல் கேட்கச் சொல்வதில்லை. மடோமோ போன்ற பார்வையாளர் எண்ணும் கருவியைச் சரியாக அமைத்தால் இதில் பொருந்தும். வழக்கமான கூகுள் அனலிட்டிக்ஸ் பொருந்தாது. ஜெர்மனிக்கும் விற்கிறீர்கள், அங்கே இப்படி ஒரு பொது விலக்கு இல்லை. ஆகவே மூன்று நாட்டுக்கும் ஒரே ஏற்பாடாகக் கேட்டுவிட்டே எண்ணுவது உங்கள் அளவுக் கடைக்குச் சுலபம்.

இனி பேனர். முதல் திரையிலேயே "அனைத்தையும் ஏற்கிறேன்", "அனைத்தையும் நிராகரிக்கிறேன்" இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே அழுத்தமான நிறத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக "தேர்ந்தெடுக்கிறேன்". ஏற்பதற்கு ஒரு கிளிக், மறுப்பதற்குப் பல கிளிக் என்று வைத்ததற்காகத்தான் 2021 டிசம்பர் 31 முடிவின்படி கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரான்ஸில் அபராதம் விழுந்தது. ஏற்கும் பொத்தான் பச்சையில் பளிச்சென்றும், மறுப்பது சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்திலும் இருப்பது அதே வகைத் தந்திரம். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி செல்லாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-இல் பிளானெட்49 வழக்கில் இதை முடித்துவிட்டது. கீழே ஸ்க்ரோல் செய்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. மூலையில் பெருக்கல் குறி வைத்தால் அது நிராகரிப்பாக இயங்க வேண்டும். "நியாயமான நலன்" என்ற பெயரில் தானாகவே ஆன் ஆகியிருக்கும் சுவிட்சுகளைச் சில பிளகின்கள் இரண்டாம் திரையில் ஒளித்து வைத்திருக்கும், அவற்றை அணையுங்கள். சாதனத்தில் எழுதுவதற்கு அந்தக் காரணம் செல்லாது.

ஜெர்மனிக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே தளத்தின் உரிமையாளர் விவரப் பக்கம் எப்போதும் எட்டும்படி இருக்க வேண்டும். திரை முழுக்க மூடும் பேனர் அந்த இணைப்பை மறைத்தால் அது தனி மீறல். பேனருக்குள்ளேயே அந்த இணைப்பையும் தனியுரிமைக் கொள்கை இணைப்பையும் வைத்துவிடுங்கள்.

வாசகம் பக்கம் எந்த மொழியோ அந்த மொழியில். தமிழ்ப் பக்கத்துக்கு இப்படி எழுதலாம்: "கார்ட், லாகின், கட்டணம் ஆகியவற்றுக்குத் தேவையான குக்கிகள் மட்டும் இப்போது இயங்குகின்றன. நீங்கள் அனுமதித்தால், எந்தப் பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்று எண்ண கூகுளையும், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எங்கள் விளம்பரத்தை உங்களுக்குக் காட்ட மெட்டாவையும் பயன்படுத்துவோம். மறுத்தாலும் கடை முழுமையாக இயங்கும். முடிவை எப்போது வேண்டுமானாலும் பக்கத்தின் அடியில் 'குக்கி அமைப்புகள்' வழியாக மாற்றலாம்." கவனியுங்கள், "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்ற சொற்றொடர் இதில் இல்லை. அது எந்த நோக்கத்தையும் சொல்லாத வாக்கியம். அதை வைத்து வாங்கிய ஒப்புதல் தெரிந்து தந்த ஒப்புதல் ஆகாது.

பேனரின் பின்னால் இருக்கும் தடுப்புதான் உண்மையான வேலை. டேக் எனப்படும் கண்காணிப்புக் குறியீடுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜர் வழியாகப் போவதென்றால், "கன்சென்ட் இனிஷியலைசேஷன்" என்ற டிரிகரில் (டேக் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு), மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், நான்கு அனுமதிகளையும் மறுப்பில் வையுங்கள்: ஆட் ஸ்டோரேஜ், அனலிட்டிக்ஸ் ஸ்டோரேஜ், ஆட் யூசர் டேட்டா, ஆட் பெர்சனலைசேஷன். கடைசி இரண்டும் 2024 மார்ச்சில் ஐரோப்பிய விளம்பரங்களுக்காகக் கூகுள் கட்டாயமாக்கியவை. வாடிக்கையாளர் ஏற்றால் மட்டும் பேனர் இவற்றை மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு தேர்வு இருக்கிறது, பலர் தெரியாமலே தவறானதை எடுக்கிறார்கள். ஒப்புதலைப் பார்த்து டேக்கை நடத்தும் கூகுளின் கன்சென்ட் மோடில் "அட்வான்ஸ்ட்" முறை வைத்தால், மறுப்பிலும் கூகுள் டேக் ஏறும். குக்கி வைக்காது, ஆனால் குக்கியில்லாத அழைப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் தாவலில் அந்த அழைப்பைத் திறந்தால் "ஜிசிஎஸ்" என்ற அளவுருவில் "ஜி100" என்று இருக்கும். இரண்டு அனுமதியும் மறுக்கப்பட்ட நிலையிலும் ஐபி முகவரியோடு ஒரு செய்தி போய்விட்டது என்று அர்த்தம். "பேசிக்" முறையில், ஒப்புதல் வரும்வரை டேக் ஏறவே ஏறாது. ஜெர்மனி, பிரான்ஸ் வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு பேசிக் முறையைத்தான் பரிந்துரைப்பேன். புள்ளிவிவரம் குறையும், உண்மைதான். அதைக் காப்பாற்றப் போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் கசிவு இருக்கும். வழக்கமான இடங்கள் சில. ஒன்று, இரட்டைப் பதிவு. முன்பு யாரோ தீமின் ஹெடர் கோப்பில் நேரடியாக ஒட்டிய அனலிட்டிக்ஸ் குறியீடு, அப்புறம் ஒரு பிளகின், அதற்கும் மேல் டேக் மேனேஜர். பேனர் ஒன்றைத் தடுக்கும், மற்றவை தாராளமாக ஓடும். பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து உங்கள் அளவீட்டு எண்ணைத் தேடுங்கள். ஒரு முறைக்கு மேல் வந்தால் பழையதைப் பிடுங்குங்கள். ஷாப்பிஃபை என்ற வேறு கடை மென்பொருளில் ஓடும் கடையிலும் இதேதான்: "கஸ்டமர் பிரைவசி" அமைப்பு அதன் சொந்த பிக்சல் பகுதியில் சேர்த்தவற்றைக் கட்டுப்படுத்தும், தீம் கோப்பில் நீங்களாக ஒட்டியதைக் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று, பக்கத்தை வேகமாக ஏற்றும் பிளகின். ஜாவாஸ்கிரிப்டைத் தாமதிப்பது, ஒன்றாகச் சேர்ப்பது போன்ற வசதிகளை ஆன் செய்தால் ஸ்கிரிப்டுகளின் வரிசை குலையும். "எல்லாம் மறுப்பு" என்று சொல்லும் சிறிய குறியீடு பின்னால் தள்ளப்பட்டு, டேக் முன்னால் ஓடிவிடும். பேனர் ஸ்கிரிப்டையும் கன்சென்ட் குறியீட்டையும் தாமதப் பட்டியலிலிருந்து விலக்குங்கள். தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி தரும் பக்கக் கேஷும் இதே விளையாட்டைக் காட்டும். ஒப்புதல் நிலையைச் சர்வரில் பார்த்து ஸ்கிரிப்டைச் சேர்க்கும் பிளகினாக இருந்தால், ஏற்றுக்கொண்ட ஒருவருக்குத் தயாரான பக்கம் கேஷில் தங்கி, அடுத்து வரும் புதியவருக்கும் அப்படியே போகும். பிரவுசரிலேயே முடிவெடுக்கும் பிளகினே மேல்.

மெட்டா பிக்சலில் எல்லோரும் தவறவிடுவது "நோஸ்கிரிப்ட்" துண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்காக ஒரு கண்ணுக்குத் தெரியாத படத்தை ஏற்றும் வரி அது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவருக்குப் பேனரும் வராது, ஒப்புதலும் வராது, படம் மட்டும் ஏறும். அந்த வரியை நீக்கிவிடுங்கள். இதைவிடப் பெரிய ஓட்டை கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ. இது உங்கள் சர்வரிலிருந்து நேரடியாக மெட்டாவுக்கு, வாங்கியவரின் ஹேஷ் செய்த (குறியாக மாற்றிய) மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் அனுப்புகிறது. பிரவுசரில் எந்தப் பேனராலும் இதைத் தடுக்க முடியாது. எஃப்12 சோதனையிலும் தெரியாது. செக்அவுட்டின்போது வாடிக்கையாளரின் விளம்பர ஒப்புதல் நிலையை ஆர்டரோடு சேர்த்துச் சேமித்து, "ஆம்" என்று இருந்தால் மட்டும் அனுப்புமாறு அமைக்க வேண்டும். பிளகினில் அந்த வசதி இல்லையென்றால் ஐரோப்பிய முகவரி உள்ள ஆர்டர்களுக்கு அதை நிறுத்திவையுங்கள்.

நாடு பார்த்துப் பேனர் காட்டும் அமைப்பு இருந்தால், சென்னையில் உட்கார்ந்து சோதிக்கும்போது பேனரே வராது. எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். ஜெர்மன் ஐபி உள்ள விபிஎன் வழியாகச் சோதியுங்கள். பக்கத்தைப் பல நாட்டுச் சர்வர்களில் சேமித்துத் தரும் சிடிஎன்-இன் கேஷ், நாட்டை வேறுபடுத்தாமல் இந்தியப் பக்கத்தை ஐரோப்பாவுக்குக் கொடுப்பதும் நடக்கும். இந்தச் சிக்கலுக்காகவே, எல்லா நாட்டினருக்கும் ஒரே பேனர் காட்டுவது நல்லது என்று சொல்வேன்.

திரும்பப் பெறுவது, தந்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று ஜிடிபிஆர் சொல்கிறது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் "குக்கி அமைப்புகள்" இணைப்பு. அங்கே அணைத்தால் புதியவை நிற்பதோடு பழையவையும் அழிய வேண்டும். அழிக்கும் குறியீடு அடிக்கடி தோற்பதற்கு ஒரு சின்னக் காரணம் இருக்கிறது: "_ஜிஏ" குக்கி முன்னால் புள்ளி வைத்த முதன்மை டொமைனில் எழுதப்படும். நீங்கள் டொமைன் குறிப்பிடாமல் அழித்தால், பிரவுசர் அதை வேறு குக்கியாக எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடும். எழுதும்போது இருந்த அதே டொமைன், அதே பாதை, காலாவதி தேதி கடந்த காலத்தில், அப்போதுதான் போகும்.

நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தற்செயல் எண், தேதி நேரம், எந்தெந்த நோக்கத்துக்கு ஆம் அல்லது இல்லை, பேனரின் எந்தப் பதிப்பு என்ற நான்கையும் பதியுங்கள். முழு ஐபி முகவரி வேண்டாம். ஒப்புதலை நிரூபிக்கப் போய் புதிய தனிநபர் தகவலைக் குவிக்கக் கூடாது. பேனர் வாசகம் மாறும்போதெல்லாம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பதிலை, அது ஆமாக இருந்தாலும் இல்லையாக இருந்தாலும், ஆறு மாதம் மதிப்பது பிரான்ஸ் சொல்லும் நல்ல வழக்கம். மறுத்தவரிடம் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி கேட்டுத் தொல்லை செய்வது, ஒப்புதலைக் கசக்கிப் பிழிவது. புதிதாக ஒரு விளம்பர நிறுவனத்தைச் சேர்த்தால் ஆறு மாதம் காத்திராமல் மீண்டும் கேளுங்கள்.

குக்கி பட்டியல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர், வைப்பவர், நோக்கம், ஆயுள், தகவல் யாருக்குப் போகிறது என்பவை இருக்க வேண்டும். ஆயுளையும் மூன்றாம் தரப்பையும் சொல்லியே ஆக வேண்டும் என்பது பிளானெட்49 தீர்ப்பிலேயே இருக்கிறது. தானியங்கி ஸ்கேனர் தரும் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். அது லாகின் செய்யாது, கார்ட்டில் போடாது, செக்அவுட் வரை போகாது. பாதிக் குக்கிகளைப் பார்த்திருக்காது. தெரியாதவற்றை "வகைப்படுத்தப்படாதவை" என்று எழுதி விட்டுவிடும். அந்தத் தலைப்பில் ஒரு வரி இருந்தாலும், உங்கள் கடையில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தது போலாகும். மேலே சொன்ன சோதனையில் நீங்களே பார்த்தவற்றிலிருந்து பட்டியலை எழுதுங்கள். "_ஜிஏ"வுக்கு 2 ஆண்டு என்று கூகுள் சொல்லும். குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைப்பதில்லை. அதிகபட்சத்தை எழுதினால் போதும்.

பிரிட்டனில் 2025-இல் நிறைவேறிய தரவுச் சட்டம், தளத்தின் சொந்தப் புள்ளிவிவரம் போன்ற சில நோக்கங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் தெளிவாகத் தெரிவித்து, மறுக்க வழியும் தர வேண்டும். அதே சட்டம் குக்கி அபராதத்தின் உச்சத்தை 5 லட்சம் பவுண்டிலிருந்து 1.75 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 4% என்று ஏற்றியது. ஒன்றியத்திலும் 2025 நவம்பரில் குக்கி விதிகளை ஜிடிபிஆருக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஆணையம் ஒரு வரைவு வைத்தது. வரைவை நம்பி இப்போது எதையும் தளர்த்த வேண்டாம்.

அமெரிக்காவுக்கும் அனுப்பத் தொடங்கினால், கலிஃபோர்னியாவில் முறை தலைகீழ்: முன் அனுமதி வேண்டாம், ஆனால் "விற்காதே, பகிராதே" என்று சொன்னால் நிறுத்த வேண்டும், அதையே பிரவுசர் தானாகத் தெரிவிக்கும் ஜிபிசி சமிக்ஞையையும் மதிக்க வேண்டும். வருவாயோ வாடிக்கையாளர் எண்ணிக்கையோ பெரிதாக உள்ள கடைகளுக்கே இது பொருந்தும். ஆனாலும் ஒரு வழக்கு எல்லோருக்கும் பாடம். டாட் ஸ்னைடர் என்ற ஆடைக் கடையின் குக்கி பேனர் அமைப்புப் பிழையால் 40 நாள் இயங்கவில்லை. 2025 மேயில் 3,45,178 டாலர் அபராதம். கருவி தந்த நிறுவனத்தின் மீது பழி போட முடியாது என்று அங்குள்ள ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே மாதம் ஒரு முறையும், தீம், பிளகின் எதைப் புதுப்பித்தாலும் அன்றே ஒரு முறையும் அந்த இன்காக்னிட்டோ சோதனையை நாட்காட்டியில் போட்டுச் செய்யுங்கள்.

உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு வருகிறேன். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "குக்கி" என்ற சொல்லே இல்லை. ஆனால் குக்கி வழியாக ஒருவரின் தகவலைத் திரட்டினால், சுதந்திரமான, குறிப்பான, நிபந்தனையற்ற, தெளிவான செயலால் தந்த ஒப்புதல் அதற்கும் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மேயில் நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கண்காணித்துக் குறிவைக்கும் விளம்பரம் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. குழந்தைகள் உடை விற்கும் பக்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே பேனர் பிளகினை வாங்கும் முன், அது தமிழ் வாசகத்தை ஏற்கிறதா, பொத்தானில் "நிராகரிக்கிறேன்" என்ற நீளமான சொல் மொபைல் திரையில் வெட்டுப்படாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.